உலோகத் தகட்டில் குறி தவறாமல் துளையிடுதல்: வீட்டுப் பட்டறைக்கான வழிமுறை

மரப்பலகையில் ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் திருகு எப்படியோ தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். உலோகத் தகட்டில் அதற்கு இடமில்லை. நான்கு துளைகளில் மூன்று சரியாக அமைந்து, நான்காவது மட்டும் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், அந்த நான்காவது போல்ட் நுழையவே நுழையாது. நல்ல டிரில்லிங் மெஷின் இல்லாததுதான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வீட்டில் செய்யும் வேலையில் பிழையின் பெரும்பகுதி, மெஷினை ஓடவிடுவதற்கு முன்பே, கோடு கீறும்போதும், பஞ்ச் எனும் கூர்முனைக் கருவியால் புள்ளி அடிக்கும்போதும் உள்ளே வந்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு விலையுள்ள மெஷினை வைத்துத் துளைத்தாலும், தவறான இடத்தில் நேர்த்தியான துளை ஒன்று கிடைக்குமே தவிர வேறு பயனில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு வேலையை வைத்துக்கொள்வோம். 3டி பிரிண்டர்களிலும் கணினி இயக்கும் சிறிய சி.என்.சி. மெஷின்களிலும் பரவலாகப் பயன்படும் நெமா 17 ஸ்டெப்பர் மோட்டாரை 6 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகட்டில் பொருத்த வேண்டும். அந்த மோட்டாரின் முகப்பு ஏறத்தாழ 42 மி.மீ. சதுரம். அதில் நான்கு எம்3 (3 மி.மீ. போல்ட்டுக்கான) மரைத் துளைகள், 31 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தின் மூலைகளில் இருக்கும். நடுவில் 22 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. உயரமும் கொண்ட வட்ட மேடு ஒன்று துருத்தி நிற்கும். நம் தகட்டில் நான்கு சிறு துளைகளும் நடுவில் ஒரு பெரிய துளையும் வேண்டும்.

எவ்வளவு துல்லியம் தேவை

கோடு போடுவதற்கு முன் இந்தக் கணக்கை முடித்துவிடுவது நல்லது. எம்3 போல்ட்டுக்கு 3.2 மி.மீ. துளை போட்டால், போல்ட் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் 0.1 மி.மீ. இடம்தான் கிடைக்கும், 3.4 மி.மீ. துளை போட்டால் 0.2 மி.மீ. கிடைக்கும். கையால் குறித்து, கை டிரில்லால் துளையிடுபவர் பொறுமையாக வேலை செய்தால் 0.2 மி.மீ.க்குள் நிற்க முடியும், 0.1 மி.மீ.க்குள் ஒவ்வொரு முறையும் நிற்பது கடினம். ஆகவே வடிவமைப்பில் வேறு கட்டாயம் இல்லாதபோது 3.4 மி.மீ. துளையையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைகளில் அரை அரை மில்லிமீட்டராகக் கூடும் பிட் பெட்டிதான் பெரும்பாலும் கிடைக்கும், அதில் 3.4 இருக்காது, தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அல்லது 3.5 மி.மீ. பிட்டாலும் குறைவராது. மற்ற அளவுகளில், போல்ட் தாராளமாக நுழைய எம்4-க்கு 4.5, எம்5-க்கு 5.5, எம்6-க்கு 6.6, எம்8-க்கு 9 மி.மீ. துளைகள் வழக்கமானவை. அதே தகட்டில் மரை போட வேண்டுமானால் எம்3-க்கு 2.5, எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2, எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8 மி.மீ. பிட்டால் துளைத்து டேப் (மரை வெட்டும் கருவி) போட வேண்டும். இந்த இரண்டு வரிசைகளையும் ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைப்பது பெரிய உதவி.

கோடு கீறுதல்

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் தொழில் படிக்கும் மாணவர்களைத் தொடக்கத்தில் அரம் பிடிக்க வைத்துப் பக்கங்களை நேராக்கப் பழக்குவது காரணமில்லாமல் அல்ல. தகட்டின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களாவது நேராகவும், ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் இருந்தால்தான் அங்கிருந்து அளக்கும் அளவுகளுக்குப் பொருள் உண்டு. கடையில் வெட்டி வாங்கிய தகட்டின் ஓரம் பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும், மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையே ஒளிக்கீற்று தெரியும். அது மறையும்வரை இரண்டு பக்கங்களையும் அரத்தால் தேய்த்து, அவற்றின் ஓரத்தில் மார்க்கரால் ஓர் அடையாளம் இட்டுக்கொள்ள வேண்டும். இனி எல்லா அளவுகளும் இந்த இரண்டு பக்கங்களிலிருந்து மட்டுமே.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. முதல் துளையைக் குறித்துவிட்டு, அதிலிருந்து 31 மி.மீ. அளந்து இரண்டாவதை, அதிலிருந்து மூன்றாவதை என்று போனால், ஒவ்வொரு முறையும் விடும் சிறு பிழை அடுத்ததன் தலையில் ஏறிக்கொண்டே போய், கடைசித் துளையில் மொத்தமாக வெளிப்படும். 60 மி.மீ. சதுரத் தகட்டில் மோட்டாரின் நடுப்புள்ளி இரு பக்கங்களிலிருந்தும் 30 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டுமென்றால், துளைகளின் கோடுகள் பக்கத்திலிருந்து 14.5 மி.மீ., 45.5 மி.மீ. என்று நேரடியாகக் கணக்கிட்டுக் கீறப்பட வேண்டும். எந்தப் பிழை நேர்ந்தாலும் அது அந்த ஒரு கோட்டோடு நின்றுவிடும்.

கீறல் கண்ணுக்குத் தெரிய, தகட்டின் மேல் ஏதேனும் பூச வேண்டும். எஃகுத் தகட்டுக்கு மயில்துத்தக் கரைசல் பழைய முறை. துடைத்துச் சுத்தம் செய்த எஃகின் மேல் அதைத் தடவினால் மெல்லிய செம்புப் படலம் ஏறும், அதன் மேல் கீறிய கோடு பளிச்சென்று தெரியும். அலுமினியத்துக்கு அது உதவாது. அதற்கும் பித்தளைக்கும் தடித்த முனையுள்ள நீல அல்லது கறுப்பு பெர்மனன்ட் மார்க்கரே போதும். கோடு போடப் பென்சிலையோ பேனாவையோ எடுக்கக் கூடாது. பென்சில் கோட்டின் அகலமே அரை மில்லிமீட்டர் வரும் என்பதால், அதில் எந்த ஓரம் சரியான இடம் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. கூரான ஸ்க்ரைபரால் (எஃகுக் கீறுகோலால்) ஒரே இழுப்பில், மெல்லிய கோடாகக் கீற வேண்டும். இரண்டாம் முறை இழுத்தால் பெரும்பாலும் பக்கத்தில் இன்னொரு கோடுதான் விழும்.

பக்கத்துக்கு இணையான கோடு கீற ஜென்னி காலிபர் மிக வசதி. அதன் வளைந்த கால் தகட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நகர, கூரான கால் கோடு கீறிக்கொண்டே வரும். அது இல்லாதவர்கள் வெர்னியரின் தாடையையே கீறப் பயன்படுத்துவதை அடிக்கடி பார்க்கலாம். வேலை நடக்கும்தான், ஆனால் தாடையின் முனை நாளடைவில் மழுங்கி, வெர்னியர் அளப்பதற்கு உதவாமல் போகும். கீறுவதற்கென்று மலிவான ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுவது மேல்.

கணினியில் வரைந்து தாளில் அச்சிட்டு ஒட்டும் முறையும் உண்டு. துளைகள் நிறைய இருக்கும்போது அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அச்சுப்பொறி பக்கத்துக்கு ஏற்றபடி படத்தைச் சற்றுச் சுருக்கிவிடும் பழக்கம் உள்ளது. ஆகவே படத்தின் ஓரத்தில் இரு திசைகளிலும் 100 மி.மீ. கோடு ஒன்றையும் வரைந்து அச்சிட்டு, ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே ஒட்ட வேண்டும்.

பஞ்ச் அடித்தல்

எல்லா வேலைகளிலும் அதிகப் பொறுமை கேட்பது இதுதான். 60 பாகைக் கூர்முனை கொண்ட டாட் பஞ்ச் முதலில். 90 பாகை முனை கொண்ட சென்டர் பஞ்ச் அதன் பிறகு. இரண்டையும் ஒன்றாக நினைத்து நேராக சென்டர் பஞ்சையே எடுப்பவர்கள் உண்டு. அகன்ற முனை கோடுகள் வெட்டும் இடத்தை மறைத்துவிடும். எங்கே வைக்கிறோம் என்று தெரியாமலேயே அடிக்க நேரும்.

டாட் பஞ்சைச் சாய்த்துப் பிடித்து, அதன் முனையைக் கீறிய கோட்டுக்குள் வைத்து, மெதுவாக மற்றக் கோட்டை நோக்கி இழுத்துச் செல்லுங்கள். கோடுகள் வெட்டும் இடத்தை அடைந்ததும் முனை ‘டக்’கென்று தடுக்கும். அந்தத் தடுக்கல் விரலுக்குத் தெரியும். கண்ணைவிட விரலை இங்கே அதிகம் நம்பலாம். அந்த இடத்தில் முனையை நகர்த்தாமல் பஞ்சை நிமிர்த்தி, சிறு சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். புள்ளியிலிருந்து நான்கு திசைகளிலும் கோட்டின் வால் ஒரே மாதிரி வெளியே வந்தால் இடம் சரி. ஒரு பக்கம் விலகியிருந்தால், பஞ்சின் முனையைப் பள்ளத்திலேயே வைத்து, பள்ளம் எந்தத் திசையில் நகர வேண்டுமோ அந்தத் திசையை நோக்கி முனை தள்ளும்படி உடலைச் சாய்த்து மீண்டும் மெல்லத் தட்டினால், பள்ளம் அந்தப் பக்கம் நகரும். சரியான பிறகு நிமிர்த்தி ஒரு தட்டு. அதன் பின்னரே சென்டர் பஞ்சை வைத்து, சற்று வலுவாக ஒரே அடி. தகட்டின் கீழே கட்டியான இரும்பு இருக்க வேண்டும். மரத்தின் மேலோ காற்றிலோ வைத்து அடித்தால் தகடு வளையும், பள்ளமும் ஆழமாக விழாது.

பஞ்ச் அடித்த புள்ளியை மையமாக வைத்து, டிவைடரால் (இரு கூர்முனைக் கவராயத்தால்) துளையின் விட்டத்தில் ஒரு வட்டம் கீறிவைப்பது பழைய ஃபிட்டர்களின் பழக்கம். 6 மி.மீ.க்கு மேற்பட்ட துளைகளுக்கு அது மிகவும் உதவும். அதற்குள் அதைவிடச் சிறிய இன்னொரு வட்டமும் இருந்தால், பிட் இறங்கத் தொடங்கியதும் அது நடுவில் இறங்குகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

டிரில் பிட்டின் முனை

பிட்டின் நுனியைக் கிட்ட வைத்துப் பார்த்தால், இரண்டு வெட்டும் விளிம்புகளுக்கும் நடுவே உளி போன்ற ஒரு குறுங்கோடு தெரியும். அந்தக் கோடு உலோகத்தை வெட்டுவதில்லை, நசுக்கித் தள்ளத்தான் செய்கிறது. 10 மி.மீ. பிட்டில் அதன் நீளம் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வரை இருக்கும், பஞ்ச் போட்ட பள்ளம் அதைவிடச் சிறியதானால் பிட் பள்ளத்தில் உட்காராமல் தகட்டின் மேல் உலாவும். பெரிய பிட்டை நேராக வைக்கும்போது துளை தள்ளிப் போவதற்கு இதுதான் காரணம். ஆகவே முதலில் 2 அல்லது 2.5 மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டு, அதன் பிறகு பெரியதை இறக்க வேண்டும். வழித்துளை, பெரிய பிட்டின் நடுக்கோட்டு நீளத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். அளவுக்கு மீறிப் பெரிய வழித்துளை போட்டால், பெரிய பிட் தன் வெளி மூலைகளால் மட்டும் பிடித்து அதிரும். துளை வட்டமாக இல்லாமல் முக்கோணச் சாயலில் வரும். சாதாரணப் பிட்களின் முனை 118 பாகை. 135 பாகையில் நடுக்கோட்டைப் பிளந்து தீட்டிய பிட்கள் உலாவாமல் இறங்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் ஏற்றவை. விலை சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் அடிக்கடி துளையிடுபவர் 3, 4, 5, 6 மி.மீ. அளவுகளிலாவது இவற்றை வாங்கி வைக்கலாம்.

தீட்டிய பிட்டின் இரண்டு விளிம்புகளும் சம நீளமாக இல்லாவிட்டால் துளை பிட்டைவிடப் பெரிதாக வெட்டப்படும். இதைக் கண்டறிய அளவுகோல் வேண்டாம். எஃகில் துளைக்கும்போது இரண்டு பள்ளங்களிலிருந்தும் சீவல் ஒரே அளவில் சுருண்டு வந்தால் பிட் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால், அந்த ஒரு விளிம்புதான் எல்லா வேலையையும் செய்கிறது.

தகட்டைப் பிடித்தல்

தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளைப்பதை எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது. பிட் அடிப்பக்கத்தை உடைத்து வெளிவரும் நொடியில் உலோகம் அதன் விளிம்பில் மாட்டிக்கொள்ள, தகடு முழுவதும் கத்தி போல் சுழலும். சி-கிளாம்ப் இரண்டு, அல்லது மேசையில் பொருத்திய வைஸ் கட்டாயம். தகட்டின் அடியில் தட்டையான மரத்துண்டு வைத்தால் பிட் வெளிவரும் பக்கத்தில் பிசிறும் குறையும். மேசையில் நிற்கும் டிரில் பிரஸ் வைத்திருப்பவர்கள் நீளமான தகட்டைத் தூணின் இடப்பக்கம் அணைந்து நிற்கும்படி வைக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றில் சுழல்வதால், தகடு பிய்த்துக்கொண்டாலும் தூணில் மோதி நிற்கும், ஆளை நோக்கி வராது.

பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். கையுறை அணியவே கூடாது, ஏனெனில் சுழலும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தொங்கும் துப்பட்டா, துண்டு, முடிக்காத கூந்தல் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். சீவலை பிரஷால் தள்ள வேண்டும்.

வேகமும் எண்ணெயும்

வேகக் கணக்கு எளிது. பொருளுக்குரிய வெட்டு வேகத்தை 320-ஆல் பெருக்கி, பிட்டின் விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 12, அலுமினியத்தில் 60 என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கின்படி 10 மி.மீ. பிட் மைல்டு ஸ்டீலில் 800 சுற்றிலும், 6 மி.மீ. பிட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 640 சுற்றிலும் ஓட வேண்டும். நம் மோட்டார்த் தகட்டில் 3.4 மி.மீ. பிட்டுக்குக் கணக்கு 5,000 சுற்றைத் தாண்டுகிறது. வீட்டு டிரில்லின் முழு வேகமும் பொதுவாக அதைவிடக் குறைவு என்பதால், வழி பிடித்த பிறகு விசையை முழுவதும் அழுத்திவிடலாம். வீட்டில் காணும் தவறு பெரும்பாலும் எதிர்த்திசையில் நடக்கும்: பெரிய பிட், எஃகு, முழு வேகம், போதாத அழுத்தம். பிட்டின் மூலைகள் நீலம் பூத்தால் அந்தப் பிட்டின் கூர் போய்விட்டது என்று பொருள். கான்கிரீட்டுக்கான ஹேமர் விசை அணைந்திருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃகுக்கு கட்டிங் ஆயில் சிறந்தது. இல்லையென்றால் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ சிறு வேலைக்குப் போதும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் பழைய வழக்கம், இன்றும் அதற்கு இணை குறைவு. எதுவும் விடாமல் துளைத்தால் அலுமினியம் உருகினாற்போலப் பிட்டின் விளிம்பில் ஒட்டி, துளையின் உள்சுவரைப் பிறாண்டிவிடும். பித்தளையையும் வார்ப்பிரும்பையும் உலர்ந்த நிலையிலேயே துளைக்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மட்டும் ஓர் எச்சரிக்கை: பிட் வெட்டாமல் அதே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த இடம் கடினப்பட்டுவிடும், அதற்குப் பிறகு எந்தப் பிட்டும் எளிதில் இறங்காது. குறைந்த வேகம், நிறைய எண்ணெய், விடாத உறுதியான அழுத்தம் என்று சீவல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

துளைத்தல்

டிரில் பிரஸ் இருந்தால், மின்சாரத்தை இணைப்பதற்கு முன் பிட்டைக் கீழிறக்கி, பிட்டைப் பிடித்திருக்கும் ‘சக்’கைக் கையால் பின்னோக்கிச் சுழற்றியபடி பஞ்ச் பள்ளத்தில் உட்கார வைத்து, தகடு தானாக இடம் பிடித்துக்கொண்ட பிறகு கிளாம்பை இறுக்க வேண்டும். கை டிரில்லாக இருந்தால் செங்குத்தைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. பிட்டுக்கு அருகில் சிறு மூலைமட்டத்தை நிறுத்தி ஒரு பக்கத்தை அதோடு ஒப்பிட்டுக்கொண்டு, மறுபக்கத்தை இன்னொருவர் பார்த்துச் சொல்வது எளிய வழி. தனியாக வேலை செய்பவர் துளையிட்ட பழைய சி.டி. ஒன்றைத் தகட்டின் மேல் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, நடு ஓட்டை வழியே பிட்டை இறக்கிப் பார்க்கலாம். பிட்டும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோடாகத் தெரிந்தால் டிரில் நேராக நிற்கிறது. கோணத்தைப் பார்த்துக்கொண்டதும், ஓடவிடுவதற்கு முன் சி.டி.யை எடுத்துவிட வேண்டும்.

முதலில் மெதுவான வேகத்தில் ஒரு சிறு குழி மட்டும் விழச் செய்து, பிட்டைத் தூக்கிப் பாருங்கள். குழி டிவைடர் வட்டத்துக்கு நடுவில் இல்லாவிட்டால் இப்போதே திருத்த வேண்டும்: துளை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கக் குழிச்சுவரில், சிறிய உருண்டை முனை உளியால் ஒரு பள்ளக் கீற்று வெட்டினால், பிட் அந்தப் பக்கம் சாயும். பிட்டின் முழு விட்டமும் தகட்டுக்குள் இறங்கிய பிறகு இந்தத் திருத்தம் செல்லாது. துளையின் ஆழம் பிட் விட்டத்தின் இரண்டு மடங்கைத் தாண்டும்போதெல்லாம் பிட்டை வெளியே எடுத்துச் சீவலை நீக்க வேண்டும். அடிப்பக்கம் நெருங்கும்போது ஒலி மாறும். அப்போது அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தைக் குறைக்காமல் கடந்து வர வேண்டும்.

ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய இரண்டு தகடுகள் இருந்தால் தனித்தனியாகக் குறிக்கவே வேண்டாம். இரண்டையும் சேர்த்து இறுக்கி, ஒரு துளையை இரண்டிலும் போட்டு, அதில் போல்ட்டை நுழைத்து முடுக்கிய பிறகு மூலைவிட்டத்தில் எதிரேயுள்ள துளையைப் போட்டு, அதிலும் போல்ட் இட வேண்டும். மற்றத் துளைகளைப் பிறகு எந்த வரிசையில் போட்டாலும் அவை நேர்நேராகவே நிற்கும். அளவு சற்றுப் பிசகினாலும் பொருத்தம் கெடாது என்பதால், துல்லியத்துக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நடுப் பெரிய துளைக்கு வட்டமாக அறுக்கும் ஹோல் சாவோ படிப்படியாக விரியும் ஸ்டெப் பிட்டோ வேண்டும். ஸ்டெப் பிட்டின் ஒவ்வொரு படியின் உயரமும் பெரும்பாலும் 6 மி.மீ.க்குக் குறைவு. ஆகவே நம் தகட்டில் ஒரு பக்கம் பாதிவரை இறக்கி, திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். மோட்டாரை இடத்தில் நிறுத்துவது நான்கு போல்ட்களே என்பதால் இந்தத் துளையை 24 மி.மீ. ஆக விட்டுவிடலாம். துளையின் விட்டமே மிகச் சரியாக அமைய வேண்டிய வேலைகளுக்கு, அதாவது ஊசியோ தண்டோ ஆடாமல் உட்கார வேண்டிய இடத்துக்கு, 8 மி.மீ. துளை வேண்டுமென்றால் 7.8 மி.மீ. பிட்டால் துளைத்து, துளையின் சுவரை மெல்லச் சீவும் ரீமரை எண்ணெய் விட்டு மெதுவாக ஒரே திசையில் சுழற்றி முடிக்க வேண்டும். வெளியே எடுக்கும்போதும் ரீமரைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது.

சரிபார்த்தல்

இரு பக்கமும் பிசிறை நீக்கிய பிறகுதான் அளக்க வேண்டும். துளையைவிடப் பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினால் பிசிறு போய்விடும். துளைகளின் மையத் தூரத்தை நேரடியாக அளக்க முடியாது என்பதால் ஒரு சிறு கணக்கு உதவும். வெர்னியரின் மேல் தாடைகளால் இரண்டு துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடையேயான தூரத்தையும், கீழ்த் தாடைகளால் அவற்றின் உள் ஓரங்களுக்கு இடையேயான தூரத்தையும் அளந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையத் தூரம் வந்துவிடும். நம் தகட்டில் வெளி அளவு 34.4, உள் அளவு 27.6 என்று வந்தால் சராசரி 31 மி.மீ. இரண்டு துளைகளும் ஒரே அளவில் சற்றுப் பெரிதாக வெட்டப்பட்டிருந்தாலும் இந்தச் சராசரி மாறாது. மூலைவிட்டங்கள் இரண்டும் 43.84 மி.மீ. அளவில் சமமாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பக்கங்கள் சரியாக இருந்தும் சதுரம் சாய்ந்திருந்தால் அது இங்கேதான் பிடிபடும்.

பொருத்தும்போது போல்ட்டின் நீளத்திலும் கவனம் தேவை. நெமா 17 மோட்டாரில் மரையின் ஆழம் பொதுவாக 4.5 மி.மீ. அளவுதான் இருக்கும். 6 மி.மீ. தகட்டோடு 10 மி.மீ. போல்ட் போட்டால் 4 மி.மீ. உள்ளே போகும், அது சரி; 12 மி.மீ. போல்ட் அடியில் முட்டி, தகடு இறுகுவதற்கு முன்பே இறுகியதாக ஏமாற்றும். நான்கையும் தளர்வாக நுழைத்த பிறகு எதிரெதிராக முடுக்க வேண்டும். ஒரு போல்ட் மட்டும் நுழைய மறுத்தால் அதைச் சுத்தியலால் தட்டி ஏற்ற முயல வேண்டாம். மற்ற மூன்றையும் இறுக்கிவிட்டு, அந்தத் துளையின் வழியே பார்த்தால் மோட்டாரின் மரை எந்தப் பக்கம் பிறை போல் மறைந்திருக்கிறது என்பது தெரியும். அந்தப் பக்கத்தை மார்க்கரால் குறித்து, தகட்டைக் கழற்றி, எலிவால் அரத்தால் அங்கே மட்டும் தேய்த்து, சீவல் தூளை நன்றாகத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். வாஷர் போட்டு முடுக்கினால் போதும்.